அடுப்புக்குள் கெட்டில்

ராட்னி: இன்னும் சொட்டுதுக்கா.

மார்லீன்: எது, சமையல்கட்டுக் குழாயா?

ராட்னி: அதேதான். தொட்டி வால்வை நல்லா இறுக்கினியா?

மார்லீன்: கை வலிக்க வலிக்க இறுக்கிட்டுதான் வந்தேன். சந்தேகமா இருந்தா நீ போய் இறுக்கியிருக்கணும். வந்ததும் வராததுமா உட்காந்து சாண்ட்விச்சுதானே தின்ன.

ராட்னி: பசிச்சுது. டெலரைன்ல இருந்து மலை ஏறி வந்தவன்...

மார்லீன்: காரு ஏறிச்சு. நீ ஏறல.

ராட்னி: ...குளியலறைக் குழாய் திறந்திருக்கா? மேல காத்து போனாதான் கீழ தண்ணி இறங்கும்.

மார்லீன்: எனக்கா பாடம் எடுக்கற? நீ பால் குடிச்சிட்டிருந்தப்பவே, குளிர்ல உறைஞ்சு வெடிக்காம இருக்க இந்த ஏரி வீட்டுக் குழாயை வடிச்சவ நான். சுடுதண்ணி, பச்சைத்தண்ணி, ஷவர், எல்லாம் திறந்துதான் கிடக்கு. கக்கூஸ் தொட்டியையும் காலி பண்ணியாச்சு. பாக்கி இருக்கிறது தரைக்கு அடியில இருக்கிற அடிக்குழாய் ஒண்ணுதான். அது உன் வேலை.

ராட்னி: அந்தப் பொந்துக்குள்ள போனா நான் திரும்பி வெளிய வருவேனா?

மார்லீன்: வயித்தை எக்கிக்கிட்டுப் போ.

ராட்னி: முன்ன ஒரு தடவை அங்க புலிப்பாம்பு சுருண்டு கிடந்துச்சு, ஞாபகம் இருக்கா?

மார்லீன்: குளிர்காலம் தொடங்கற இந்த மே மாசத்துல எந்தப் பாம்புடா முழிச்சிருக்கும்? அப்படியே முழிச்சாலும் உன்னைப் பாத்தா அதுவே செத்த மாதிரி நடிக்கும். போ... டார்ச்சு எடுத்துட்டுப் போ.

ராட்னி: அக்கா... அக்கா, கேக்குதா?

மார்லீன்: கேக்குது. காலுக்கு அடியில இருந்து பேசற, பேய் பேசற மாதிரி இருக்கு.

ராட்னி: திறந்துட்டேன். நல்லா வருது... அய்யய்யோ, சட்டைக்குள்ள போயிடுச்சு.

மார்லீன்: இங்க குழாயெல்லாம் ஏப்பம் விடுது.

ராட்னி: விடட்டும். அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?

மார்லீன்: "ஏப்பம் நிக்கற வரைக்கும் எவனும் கோட்டு மாட்டிக்கிட்டுக் கிளம்பக் கூடாது." நீயே வந்து கேட்டுக்கோயேன், மேஜை மேலதானே இருக்காரு.

ராட்னி: அந்த மாதிரி பேசாதக்கா.

மார்லீன்: வேற எப்படிப் பேசறது? சாம்பலாத்தான் இருக்காரு. உயிரோட இருந்தப்ப இவ்வளவு அமைதியா ஒரு இடத்துல இருந்ததே இல்ல.

ராட்னி: ...துண்டு எங்க? நனைஞ்சு போயிட்டேன்.

மார்லீன்: உள்ளே வா முதல்ல. கதவைச் சாத்து. அந்தப் பையில இருக்கு பாரு, பச்சைத் துண்டு.

ராட்னி: எந்தப் பையில... இது என்ன, படுக்கைப் பை மூணு இருக்கு?

மார்லீன்: துண்டை எடுத்துத் துவட்டு. சளி பிடிச்சுக்கும்.

ராட்னி: நாம ரெண்டு பேருதானே? மூணாவது யாருக்கு? கீத் மாமா வராரா?

மார்லீன்: என் புருஷன் எங்க வரப் போறாரு.

ராட்னி: அப்ப? அக்கா, ட்ரெவர் அண்ணனை வரச் சொல்லியிருக்கியா?

மார்லீன்: நாளைக்குக் காலையில அப்பாவை ஏரியில விடப் போறோம். அவருக்கு ரெண்டு பிள்ளைங்க மட்டுமா?

ராட்னி: என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

மார்லீன்: கேட்டா வேண்டாம்னுவ.

ராட்னி: வேண்டாம்னுதான் சொல்லுவேன். அப்பா கடைசி வரைக்கும் அவன் முகத்துல முழிக்கல. சர்ச்சுல நடந்த இறுதிச் சடங்குக்குக் கூட நாம அவனைக் கூப்பிடல.

மார்லீன்: வந்திருந்தான்.

ராட்னி: எங்க?

மார்லீன்: வாசல்ல. காருக்குள்ளயே உட்காந்திருந்தான். பெட்டியை வெளிய எடுத்துட்டு வந்தப்ப இறங்கி நின்னான். எல்லாரும் அவனைத் தாண்டித்தான் போனோம். எங்கேயோ பாக்கற மாதிரி நீயும் போன. நானும்தான்.

ராட்னி: ஊரே அப்படித்தான் போச்சு. என்னை மட்டும் சொல்லாத.

மார்லீன்: ஊரை விடு... ஸ்பிரிட் பாட்டிலை எடு. சிங்க்குக்கு அடியில வளைவுக் குழாய்ல ஊத்தணும். நிக்கிற தண்ணி உறைஞ்சா அதுவும் வெடிக்கும், ஸ்பிரிட் கலந்தா உறையாது.

ராட்னி: பேச்சை மாத்தாத.

மார்லீன்: மாத்தல. வேலையும் நடக்கணும். இருட்டுறதுக்குள்ள முடியலன்னா ராத்திரியே உறையும். வடிச்சு வச்சுட்டு, நாளைக்கு அப்பாவை விட்டுட்டு, நேரா கிளம்பறதுதானே திட்டம்.

ராட்னி: ஒரு வாளி தண்ணி குடிக்கறதுக்கு எடுத்து வச்சியா?

மார்லீன்: ரெண்டு வாளி.

ராட்னி: சரி. அண்ணன் எப்ப வரான்?

மார்லீன்: பர்னில இருந்து மத்தியானமே கிளம்பிட்டேன்னு மெசேஜ் போட்டான். வர நேரந்தான்.

ராட்னி: நல்லா இருக்கு. வந்து அவனே கெட்டிலை வைக்கட்டும். போன தடவை மறந்ததை இந்தத் தடவை சரி பண்ணிக்கட்டும்.

மார்லீன்: ராட்னி.

ராட்னி: என்ன? பொய்யா? இந்த வீட்டுல ஒரே ஒரு சட்டம்தான். கடைசியா கிளம்பறவன் தண்ணியை வடிச்சிட்டு, கெட்டிலைக் கவுத்து அடுப்புக்குள்ள வைக்கணும். கெட்டில் உள்ள இருந்தா குழாய் காலி, தண்ணி நிரப்பாம தீ மூட்டாதே. கெட்டில் கொக்கியில தொங்கினா தண்ணி ஓடுது, மூட்டிக்கோ. இதைக் கூட ஒரு மனுஷனால செய்ய முடியாதா?

மார்லீன்: நானும் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வளந்தேன்.

ராட்னி: அப்பா வந்தாரு, கொக்கியில கெட்டில் தொங்குது. தண்ணி ஓடுதுன்னு நம்பி மூட்டினாரு. அடுப்புக்குப் பின்னால தண்ணி சுடவைக்கிற செப்புச் சுருள்ல ரெண்டு பக்கமும் ஐஸ் அடைச்சிருக்கு. நடுவுல கொதிச்சா எங்க போகும் ஆவி? வெடிச்சு அவரு காலே போச்சு.

மார்லீன்: தெரியும்டா. அந்தக் காலுக்குக் கட்டு மாத்தினவ நான்.

ராட்னி: அதான் சொல்றேன். நீ அவ்வளவு பாடுபட்ட. அவனுக்காக ஏன் பேசற?

மார்லீன்: ...கெட்டிலை எடுத்துக் கொடு.

ராட்னி: நீயே எடு. கைக்கு எட்டற தூரத்துலதானே தொங்குது.

மார்லீன்: என்னால முடியல.

ராட்னி: என்ன முடியல? கெட்டில்தானே, எருமை மாடா?

மார்லீன்: ராட்னி, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவன் வர்றதுக்கு முன்னாடி.

ராட்னி: வேண்டாம்.

மார்லீன்: என்னன்னு கேக்காமலே வேண்டாம்கற.

ராட்னி: சொல்லாதக்கா. அப்பா போயிட்டாரு. எல்லாம் முடிஞ்சுது. நாளைக்கு அவரை விட்டுட்டு வீட்டுக்குப் போலாம்.

மார்லீன்: நான் என்ன சொல்லப் போறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?

ராட்னி: ...ஸ்பிரிட் பாட்டில் மூடி இறுகிப் போச்சு. துணி இருக்கா?

மார்லீன்: என்னைப் பாருடா. எப்படித் தெரியும்?

ராட்னி: மஞ்சள் கப்பு.

மார்லீன்: என்ன?

ராட்னி: உன் கப்பு. காது உடைஞ்சது. அப்பாவை ஹெலிகாப்டர்ல கொண்டு போனதுக்கு மறுநாள் நான் இங்க வந்தேன், தரையெல்லாம் துடைக்க. சிங்க்குக்குப் பக்கத்துல உன் கப்பு. அதுக்குள்ள டீப்பை அப்படியே ஐஸா உறைஞ்சு கிடந்துச்சு. எலுமிச்சை வாசம் அடிக்கிற அந்த இலை டீயை இந்தக் குடும்பத்துல வேற யாரு குடிக்கிறா?

மார்லீன்: அன்னிலேர்ந்து உனக்குத் தெரியுமா?

ராட்னி: கப்பைக் கழுவி அலமாரியில வச்சுட்டேன். டீப்பையைத் தூக்கி எறிஞ்சுட்டேன். அவ்வளவுதான்.

மார்லீன்: கீத்கூட சண்டை. பெரிய சண்டை. எங்க போறதுன்னு தெரியாம இங்க வந்துட்டேன். கெட்டில் அடுப்புக்குள்ளதான் இருந்துச்சு, ட்ரெவர் வச்சது. எடுத்து மாட்டினேன். தண்ணி திறந்தேன், தீ மூட்டினேன், டீ போட்டுக் குடிச்சு அழுதேன். ஒரே ஒரு ராத்திரி. காலையில கீத் போன் பண்ணி ஸாரின்னாரு. நாய் மாதிரி ஓடினேன். அடுத்த வாரம் நானே வந்து வடிச்சுக்கலாம்னு நெனச்சேன்.

ராட்னி: தெரியும்.

மார்லீன்: அந்த அடுத்த வாரத்துக்குள்ள அப்பா கூரையைப் பாக்கறேன்னு கிளம்பி வந்துட்டாரு.

ராட்னி: நீ சொல்லாதேன்னேன்ல. எல்லாம் எனக்குத் தெரியும்னு சொன்னா நிறுத்திக்கோ.

மார்லீன்: தெரிஞ்சும் ஏன்டா வாயைத் திறக்கல? ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. உன் கூடப் பிறந்தவனை ஊரே காறித் துப்புச்சு.

ராட்னி: நீ திறந்தியா?

மார்லீன்: நான் திறக்கல. பயந்தேன். அப்புறம் அப்பாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, பீ மூத்திரம் அள்ளினப்ப, இதாலயாவது கழிஞ்சு போகட்டும்னு நெனச்சேன். ஒவ்வொரு நாளும் அவரைக் குளிப்பாட்டறப்ப இன்னிக்குச் சொல்லிடணும்னு நெனப்பேன். "நல்ல பொண்ணும்மா நீ"ன்னு தலையைத் தடவுவாரு. அதோட வாய் அடைச்சுப் போயிடும்.

ராட்னி: அதைக் கெடுத்துக்காத. அப்படியே இருக்கட்டும்.

மார்லீன்: நீ எதுக்கு மறைச்ச? அதைச் சொல்லு.

ராட்னி: உனக்காகத்தான்.

மார்லீன்: எனக்காகவா? நீ எனக்காக ஒரு தடவை கூட பாத்திரம் தேச்சதில்ல.

ராட்னி: ...கப்பைத் தேச்சேனே.

மார்லீன்: கிண்டல் பண்ண நேரம் பாத்தான் பாரு.

ராட்னி: அக்கா, கார் சத்தம்.

மார்லீன்: அவன்தான். ராட்னி, நான் சொல்லப் போறேன்.

ராட்னி: சொல்லி? அவனுக்குப் போன ஒரு வருஷம் திரும்பி வருமா? அவனுக்கு நம்ம மேல கோவம். அது பழகிப் போச்சு. புதுசா எதையும் கிளறாத. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

மார்லீன்: உனக்கென்ன இவ்வளவு பயம்?

ராட்னி: எனக்கு ஒண்ணும் பயமில்ல... கதவைத் திற. குளிர்ல நிக்கிறான்.

ட்ரெவர்: ...வரலாமா?

மார்லீன்: உன் வீடுடா. கேட்டுட்டு நிக்கிற.

ட்ரெவர்: பூட்ஸை வெளியவே கழட்டிடறேன். சேறு.

மார்லீன்: பரவால்ல, அப்படியே வா. எவ்வளவு இளைச்சுட்ட.

ட்ரெவர்: ராட்னி... எப்படிடா இருக்க?

ராட்னி: இருக்கேன். ரோடு எப்படி இருந்துச்சு?

ட்ரெவர்: மேல ஏற ஏற ஐஸ். வாலபிக் கங்காரு ஒண்ணு குறுக்க வந்துச்சு. மோதல... அப்பா எங்க?

மார்லீன்: மேஜை மேல.

ட்ரெவர்: ஓ... இதுதானா? சின்னதா இருக்கு.

மார்லீன்: எல்லாருக்கும் இதே அளவுதானாம்.

ட்ரெவர்: தொடலாமா?

மார்லீன்: ட்ரெவர், எதுக்கெடுத்தாலும் கேக்காத. உன் அப்பாடா, தொடு.

ட்ரெவர்: வடிச்சு முடிச்சாச்சா? அடிக்குழாய் திறந்தாச்சா? சிங்க் வளைவுல ஸ்பிரிட்?

ராட்னி: இப்பதான் ஊத்தப் போறேன்.

ட்ரெவர்: அடுப்புக்குப் பின்னால இருக்கிற சின்னக் குழாய்? புதுச் சுருள் போட்டிருக்கீங்களாமே. அதுக்கும் கீழ ஒரு திருகு இருக்கும்.

மார்லீன்: இருக்கு. முதல்லயே திறந்துட்டேன்.

ட்ரெவர்: ஒருக்கா நானும் பாத்துடவா? தப்பா எடுத்துக்காதீங்க. இப்பல்லாம் எனக்கு இப்படி ஆயிடுச்சு. வீட்டைப் பூட்டிட்டுப் பாதி ரோட்டுக்குப் போவேன், கேஸை அணைச்சேனான்னு சந்தேகம் வரும், திரும்பி வருவேன். அணைச்சுதான் இருக்கும். மறுபடி போவேன், மறுபடி வருவேன். வேலைக்கு லேட்டு. எச்சரிக்கைக் கடிதம் கூடக் கொடுத்துட்டாங்க.

மார்லீன்: ...கடவுளே.

ட்ரெவர்: இருங்க, நான் சொல்ல வந்ததை முதல்ல சொல்லிடறேன். வழியெல்லாம் சொல்லிப் பாத்துட்டே வந்தேன். அன்னிக்கு நான் கெட்டிலை உள்ள வச்சேன்னுதான் எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன். சத்தியம் பண்ணேன். அப்பாகிட்டயும். ஆனா இவ்வளவு நாளா யோசிச்சு யோசிச்சு... எனக்கே இப்ப நம்பிக்கை இல்ல. வச்ச மாதிரி ஞாபகம் இருக்கு. அது அதுக்கு முந்தின வருஷமாக் கூட இருக்கலாம். நான்தான் மறந்திருக்கணும். வேற யாரு. மன்னிச்சிடுங்க ரெண்டு பேரும்.

ராட்னி: விடுண்ணா. பழசு. விட்டுடு.

ட்ரெவர்: இல்லடா, சொல்லணும்ல. அப்பாகிட்ட சொல்ல முடியல. உங்ககிட்டயாவது...

ராட்னி: மன்னிச்சாச்சு. உட்காரு. சாண்ட்விச் இருக்கு, சாப்பிடு.

மார்லீன்: மன்னிச்சாச்சா? என்னத்தடா மன்னிச்ச நீ?

ராட்னி: அக்கா.

மார்லீன்: ட்ரெவர், நீ வச்சுட்டுதான் போன.

ட்ரெவர்: என்ன?

மார்லீன்: கெட்டில். கவுத்துதான் வச்சிருந்த. மூக்கு சன்னல் பக்கம் பாத்திருந்துச்சு. அடுப்புக் கதவைத் திறந்ததும் கண்ணுல பட்டுச்சு. அதை எடுத்து மாட்டினது நான். உனக்கப்புறம் ஒரு ராத்திரி நான் வந்து தங்கினேன். குழாயை வடிக்காமப் போனதும் நான்தான். அடிக்கணும்னா அடி.

ட்ரெவர்: மூக்கு சன்னல் பக்கம்?

மார்லீன்: ஆமா.

ட்ரெவர்: அப்படித்தான் வைப்பேன். எப்பவும் அப்படித்தான்... அப்ப எனக்கு மூளை கெடலயா?

மார்லீன்: இல்லடா. இல்ல. நீ சரியாத்தான் செஞ்ச.

ட்ரெவர்: நான் டாக்டர்கிட்ட எல்லாம் போனேன்க்கா. மாத்திரை சாப்பிடறேன்.

மார்லீன்: என்னை என்ன வேணா சொல்லு.

ட்ரெவர்: உன் வீட்டுக்கு ரெண்டு தடவை வந்தேன், அவரைப் பாக்க. என்னைப் பாத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கிட்டாரு. அப்ப நீ அங்கதானே நின்ன? கையில கஞ்சிக் கிண்ணத்தோட.

மார்லீன்: நின்னேன்.

ட்ரெவர்: நீ நின்னதை விடு. அவரு அப்படித் திரும்பினதுதான்... அது தினமும் கனவுல வருது. நான்தான்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரே மனுஷன்.

மார்லீன்: என் மேலதான்டா அந்தப் பாவம். அவருக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா உன்னை ஓடி வந்து கட்டிப் பிடிச்சிருப்பாரு, ஒத்தைக் காலோட. சின்ன வயசுலேர்ந்து மீன் பிடிக்கப் போறப்பல்லாம் உன்னைத்தானே கூட்டிட்டுப் போவாரு. என்னைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளியிருப்பாரு.

ட்ரெவர்: நெசமாத்தான் சொல்றியா?

மார்லீன்: சத்தியமா. கேளு, இவனையே கேளு. ராட்னி, நீ சொல்லு. அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா இவனைக் கூப்பிட்டிருப்பாருதானே?

ராட்னி: அடுப்புக்குப் பின்னால அந்தத் திருகை இன்னொரு தடவை பாத்துடறேன்.

மார்லீன்: அது காலியா இருக்கு. இப்படித் திரும்பு.

ட்ரெவர்: சொல்லுடா. எனக்கு அது ஒண்ணு போதும். வேற எதுவும் வேண்டாம். அவருக்குத் தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருப்பாருல்ல?

ராட்னி: ...இங்க வந்து அந்தக் கப்பைக் கழுவச் சொன்னதே அப்பாதான். தீ மூட்டறதுக்கு முன்னாடியே அதைப் பாத்துட்டாராம், வந்து போனது அக்காதான்னு அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "மார்லீன் பேரு வெளிய வரக் கூடாதுடா, இனிமே என்னைத் தூக்கி உட்கார வைக்கப் போறவ அவதான்"னாரு. அப்ப அண்ணன் மேல பழி விழுமேப்பான்னு கேட்டேன். "அவன் தாங்கிக்குவான்"னாரு.